நிறம் தீட்டாத மாடிப்படி

ஜன்னலோரம் நீங்களே இருங்கள். எனக்கு எதிர்காற்று ஆகாது. இந்தக் கட்டு மட்டும் என் மடியில் இருக்கட்டும், மேலே வைத்தால் வளைவில் சரிந்துவிடும். எல்லாம் கோர்ட் காகிதம். இல்லை, நான் வக்கீல் இல்லை. கட்சிக்காரன். மதுரை ஐகோர்ட்டுக்குத்தான் போகிறேன். இன்றைக்கு என் மனு வருகிறது.

நீங்களும் மதுரை வரைக்குமா? அப்படியானால் உங்களிடம் ஒன்று கேட்கலாம். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. நியாயம் கேட்க அதைவிட நல்ல ஆள் கிடைக்காது. தெரிந்தவர்கள் எல்லாம் ஒரு முடிவோடுதான் என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் மனைவி வடிவு உட்பட. அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. சொல்லாமலே இருப்பவர்களோடு எப்படி வாதாடுவது?

பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறேன். ஒரு வீட்டை எழுதுவது என்றால் நாலு பக்கத்து எல்லையை மட்டும் எழுதினால் போதாது. கதவு, நிலை, மின் இணைப்பு, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம், சாக்கடை போகிற வழி, ஆள் நடக்கிற வழி, எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டது வாங்கினவனுக்குச் சேராது. "நடைபாதையை எழுதலியேன்னு நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்காதீரும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். நான் எழுதின பத்திரம் எதுவும் கோர்ட்டுக்குப் போனதில்லை. என் சொந்த வீடுதான் போனது.

அது அப்பா கட்டின வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் என் தம்பி நெல்லையப்பனும் அவன் மனைவி உலகம்மாளும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு ஒரே பெண், கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நாலே பேர்.

அப்பா உயில் எழுதவில்லை. பத்திரம் எழுதுகிறவனின் அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார் என்று ஊரே சிரித்தது. நான் எழுதிக்கொண்டுபோய் நீட்டாமல் இல்லை. "நான் சாகறதுக்கு உனக்கு என்னல அவசரம்?" என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பேனாவை மட்டும் வைத்துக்கொண்டார்.

அதனால் பாகப்பிரிவினை வழக்கு போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. எழுத்தில் இருந்தால் நல்லது என்று போட்டேன். நோட்டீஸ் கிடைத்ததும் தம்பி இறங்கி வந்தான். அவன் மைக்செட் கடை வைத்திருந்தவன். கல்யாண வீடு, கோயில் கொடைத் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினவன். வீட்டுக்குள் பேசினால்கூடத் தெருவுக்குக் கேட்கும்.

"அண்ணாச்சி, நீங்க கீழ இருக்கிய, நான் மேல இருக்கேன். இதுல எழுதறதுக்கு என்ன கெடக்கு?" என்றான்.

"நாளைக்குப் பிரச்சினை வரக் கூடாதுல்லா?"

"பிரச்சினை வரக் கூடாதுன்னா கேஸு போடுவாங்க?" என்று சிரித்தான். வடிவும் சிரித்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கோர்ட் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டு வீட்டை அளந்துவரச் சொன்னது. வந்தார், அளந்தார், வடிவு கொடுத்த முறுக்கைத் தின்றார். கீழ்த்தளத்துக்கு ஒரு படம், மாடிக்கு ஒரு படம் போட்டார். என் பங்குக்குச் சிவப்பு, தம்பி பங்குக்குப் பச்சை. மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கிறது. என் இரண்டாங்கட்டில் தொடங்கி அவன் கூடத்தில் போய் முடியும். கீழ்த்தளத்துப் படத்தில் அதற்கு நிறம் தீட்டவில்லை, மாடிப் படத்தில் இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. மாடிப் படத்திலும் தீட்டவில்லை, கீழே இருக்கும் என்று நினைத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அடுத்தவன் வீட்டு எல்லையை விரல்கடை அளவுக்குப் பார்க்கிறவன் நான். என் வீட்டுப் படத்தில் சிவப்பை மட்டும் பார்த்தேன். அவன் பச்சையைக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பிறகு பின்கட்டு விஷயமாக அப்பீல், அதற்கு மேல் அப்பீல் என்று ஐகோர்ட் வரை போய் முடிந்தது. கீழ்த்தளம் எனக்கு, மாடி அவனுக்கு, கமிஷனர் படம் தீர்ப்போடு சேர்ந்தது. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தீர்ப்பு நகல் வந்த அன்று படத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளையாக மாடிப்படி. நீங்கள் சிரிக்கக்கூடும். ஒரு வீட்டின் நடுவில் யாருக்கும் இல்லாத ஓர் இடம் இருந்தால் அதில் எது வேண்டுமானாலும் வந்து குடியேறலாம்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

"ஆமா, கோர்ட்டு படியை உமக்கும் குடுக்கல, எனக்கும் குடுக்கல. அப்பம் அது இன்னும் அப்பா படிதான். நான் ஏறும்போது அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். 'யய்யா, மேல போட்டா?'ன்னு" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டான்.

இதில் என்ன விளையாட்டு வேண்டிக் கிடக்கிறது? 'அண்ணாச்சி, படி உங்களுது, நான் ஏறி இறங்க மட்டும் அனுமதி கொடுங்க' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கொடுத்திருப்பேன், சத்தியமாக. அவன் கேட்கவில்லை.

ராஜபாளையம் வந்துவிட்டதா? இங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். டீ வேண்டுமானால் குடித்துவிட்டு வாருங்கள். நான் வரவில்லை. கட்டு இருக்கிறது.

வந்துவிட்டீர்களா. எங்கே விட்டேன்? ஆமாம், விளக்கம் கேட்டு மனு போட்டேன்.

தீர்ப்பில் ஒன்று புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது? சொன்னவரிடம்தானே? டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து புரியவில்லை என்றால் அந்த டாக்டரிடம்தானே போவோம்? அதைத்தான் செய்தேன். மாடிப்படி யாருக்கு என்று விளக்கம் தர வேண்டும், இவ்வளவுதான் மனு. மதுரையில் என் வக்கீல் ஞானதிரவியம் மூன்று தடவை எச்சரித்தார். "அண்ணாச்சி, தீர்ப்பு சொன்னதோட அந்தக் கேசுல கோர்ட்டு வேலை முடிஞ்சுபோச்சு. எழுத்துப்பிழை, கூட்டல் பிழை இருந்தா திருத்துவாங்க. நீங்க வழக்குலயே கேக்காத ஒண்ணை இப்ப விளக்கம்ங்கிற பேர்ல கேக்கிய. நடக்காது. வேணும்னா சங்கரன்கோவில்லயே தனியா ஒரு வழக்குப் போடுங்க."

தனி வழக்கு என்றால் எத்தனை வருஷம்? அதுவும் எதற்கு? சொன்னவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், சொன்னது காகிதத்தில் இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை.

மனுவைக் கேட்ட அம்மா நீதிபதி நல்லவர்தான். என்னையே நேராகக் கேட்டார். "உங்களுக்கு என்ன வேண்டும்? உங்கள் தம்பி அந்தப் படியில் ஏறக் கூடாது என்று நாங்கள் சொல்ல வேண்டுமா?"

"இல்லைங்கம்மா. ஏறலாமா கூடாதா, அதைச் சொன்னால் போதும்."

"இது அப்பீல் இல்லை. எங்கள் தீர்ப்பில் இல்லாததை நாங்களே இப்போது புதிதாகச் சேர்க்க முடியாது. அதற்கு எங்களுக்கே அதிகாரம் இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தம்பி வீட்டுக்குள் ஏறலாமா என்று சொல்ல உங்களுக்கு எதற்கு ஐகோர்ட்?" என்றார்.

பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். மனு தள்ளுபடி.

அதிகாரம் இல்லையாம். யோசித்துப் பாருங்கள். ஒருவரைத் தூக்கில் போட அதிகாரம் இருக்கிறது. தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அதிகாரம் இல்லை. வருகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. ஏறலாம் என்று கோர்ட் சொல்லவில்லை. கேட்டும் சொல்லவில்லை. அப்படியானால்?

படிக்குக் கீழே ஒரு கம்பிக் கதவு வைத்துப் பூட்டினேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். அடைப்பதற்காக வைக்கவில்லை. கோர்ட் ஒரு முடிவு சொல்லும்வரை இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்றுதான். நானும் ஏறவில்லையே? மொட்டை மாடியில் வடிவு வடகம் காயவைப்பதும் நின்றுபோனது. எனக்கும் நஷ்டம்தான். ஞானதிரவியமும் சொன்னார், ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா, அவர் சொன்னது வேறு மாதிரி. "பூட்டறது நல்லதுக்கில்ல. ஆனா ஒண்ணு, பூட்டிட்டீங்கன்னா, இடையில திறந்துவிடாதீங்க. ஒரு தடவை விட்டாலும் நடந்து பழகின வழி, அனுபவ பாத்தியம்னு வந்து நிப்பாங்க." முதல் வாக்கியத்தை வடிவிடம் நான் சொல்லவில்லை.

தம்பி கோபப்படவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. பக்கத்துச் சந்தில் இரும்பு ஏணி ஒன்றைப் பற்றவைத்து, அவன் வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஏற்றினான். அதில் ஏறி இறங்கினார்கள். உலகம்மாள் இடுப்பில் குடத்தோடு அதில் ஏறுவதைத் தெருவில் நின்று பார்த்தவர்கள், என் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானா ஏணி வைக்கச் சொன்னேன்? அவர்களாக விரும்பி வைத்தது. காலையில் நான் பல் தேய்க்கும்போது அவன் மேலிருந்து தரையைத் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். கீழ் வீடு, கேக்குதா?" என்பான். வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். நான் பதில் சொன்னதில்லை. பதில் சொன்னால் அது பேச்சுவார்த்தை ஆகிவிடும்.

இரண்டாவது மனு போட்டேன். அதே விஷயம், வேறு வார்த்தை.

அது வாய்தாவில் இருக்கும்போதுதான் மழை பிடித்தது. இந்த வருஷம் ஐப்பசியில் எப்படிப் பெய்தது, உங்களுக்குத் தெரியுமே. ஏணி வழுக்கும். ஒருநாள் உலகம்மாள் உள்படி வழியாக இறங்கி வந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், அவியளுக்கு நெஞ்சு அடைக்குங்காவ. ஏணியில கூட்டிட்டுப் போக முடியாது. கொஞ்சம் திறந்துவிடுங்க."

அவள் கேட்ட அடுத்த நிமிஷம் திறந்தேன். எந்தக் கோர்ட்டையும் கேட்கவில்லை. நானே மேலே போனேன். என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், சட்டை எல்லாம் வியர்வை. கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். "அண்ணாச்சி, அப்பாட்ட கேட்டாச்சா?" என்றான், அந்த நிலையிலும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இருதயம் பலவீனமாக இருக்கிறது, படி ஏறக் கூடாது என்றார்கள். ஏறக் கூடாது என்றால் வீட்டுக்கு எப்படிப் போவது? நானும் ஆட்டோக்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கி மேலே கொண்டுபோய் விட்டோம். பிறகு பூட்டினேன்.

இப்போது சொல்லுங்கள். நான் கெட்டவனா?

சொல்ல வேண்டாம், முழுதும் கேளுங்கள். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு ஒரு போட்டோவைத் தாக்கல் செய்தது. படியில் நாங்கள் இறங்குகிற போட்டோ. உலகம்மாள் செல்போனில் எடுத்திருக்கிறாள். படி பொது அனுபவத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாம்! நீதிபதி வாங்கிப் பார்த்தார்.

"இதில் இறங்குகிறவர் யார்?"

"என் தம்பி."

"பக்கத்தில்?"

"நான்தான்."

"அவர் கையைப் பிடித்திருக்கிறீர்களே."

நான் காகிதக் கட்டைப் பிரித்துக் கமிஷனர் படத்தைத் தேடினேன்.

"பிறகு என்ன விளக்கம் வேண்டும்? வீட்டுக்குப் போங்கள்" என்று அதையும் தள்ளுபடி செய்தார். இனி இதே விஷயமாக வந்தால் செலவுத்தொகை போடுவேன் என்றும் சொன்னார்.

நான் கை பிடித்து இறக்குவேன், அதை அவர்கள் படம் பிடிப்பார்கள். வீட்டுக்கு வந்து கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எதுக்கு எடுத்த, உலகம்?" "சும்மாதான் எடுத்தேன் அத்தான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்தது பாக்க நல்லா இருந்துச்சு. எங்க வக்கீல்தான் பாத்துட்டு, குடுங்கன்னு வாங்கிக்கிட்டாரு" என்றாள். நம்புகிற மாதிரியா இருக்கிறது? எனக்கு நம்ப ஆசையாக இருந்தது, அதுதான் வெட்கம். பூட்டை மாற்றினேன். பழைய பூட்டுக்கு வடிவிடம் ஒரு சாவி இருந்தது. புதியதற்கு ஒரே சாவி.

கிருஷ்ணன்கோவில் போய்விட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கீழே வரவேயில்லை. ஏணியில் இறங்க முடியாது, படி பூட்டியிருக்கிறது. வடிவு கம்பிக்கு ஊடே கிண்ணத்தில் ரசமும் துவையலும் கொடுப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். கிண்ணம் கம்பிக்குள் நுழையும், அதில் பாத்தியம் ஒன்றும் வராது. காலையில் மைக் டெஸ்டிங் மட்டும் வந்துகொண்டிருந்தது. குரல் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு தட்டுவது மட்டும். திருக்கார்த்திகைக்குப் பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் காலையில் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வடிவு, "என்ன, கேக்கலியா?" என்றாள். "எது?" என்றேன்.

மூன்றாவது மனுவை நானே எழுதினேன். ஞானதிரவியம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கெஞ்சினேன். "இதான் கடைசி. செலவுத்தொகை போட்டா நீங்கதான் கட்டணும்" என்று போட்டார். இதில் நான் யாருக்கும் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. நோய் நேரத்தில் அந்தப் படி வழியாக ஒருவரை இறக்கினால் அது உரிமை ஆகுமா, தயவு ஆகுமா? தயவுதான் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் கதவைக் கழற்றியே எறிந்துவிடுவேன். அவனுக்காகத்தான் இந்த மனு, புரிகிறதா? அது யாருக்கும் புரியவில்லை.

இன்றைக்கு வாய்தா என்பதால் விடியும் முன்பே குளித்துவிட்டேன். உலகம்மாள் மறுபடி கம்பிக் கதவுக்கு வந்தாள். தலைமுடியைக்கூட அள்ளி முடிந்திருக்கவில்லை. செல்போன் கையில் இல்லை, அதை முதலில் பார்த்தேன்.

"அத்தான், மூச்சு வாங்குது. பேச்சு வரல. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. சாவி."

'சாவி' என்று மட்டும்தான் சொன்னாள். போன தடவை 'கொஞ்சம் திறந்துவிடுங்க' என்றாள். இந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன். உரிமையோடு கேட்கிற மாதிரி இருந்தது. இல்லை, அவசரத்தில் கேட்டிருக்கலாம். இதையேதான் பஸ் ஏறுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான், "இன்னைக்குத்தான் கோர்ட்டுல வருது, உலகம். மத்தியானத்துக்குள்ள சொல்லிருவாங்க" என்றேன்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மேலே ஓடினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் சந்தில் நின்று ஏணியை அண்ணாந்து பார்த்தார்கள். வாசலுக்கு வந்தார்கள். "ஐயா, ஏணியில ஸ்ட்ரெச்சர் இறங்காது. உள்ள படி இருக்காமே?" "இருக்கிறது. ஐகோர்ட்டில் வழக்கில் இருக்கிறது" என்றேன். ஒருவர் சின்ன வயது, அவர் சிரித்துவிட்டார், நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து. மற்றவர் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வடிவு என் பின்னால் வாசல் வரை வந்து, "சாவியை வச்சிட்டுப் போங்க" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கை பைக்குள் போனதும் உண்மை. ஆனால் நான் இல்லாதபோது என் சாவியால் திறந்தால் அது என் சம்மதம் என்று ஆகும். நான் இருந்து திறந்தாலாவது, இது தயவு என்று நாலு பேர் முன்னால் சொல்லலாம். சொல்லிவிட்டுத் திறந்திருக்கலாமோ? அது அப்போது தோன்றவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

சாவியா? இதோ, என் பையில்தான் இருக்கிறது.

ஏன் எழுந்துகொள்கிறீர்கள்? உட்காருங்கள். கல்லுப்பட்டியில் இறங்கித் திரும்பிப் போனால்கூட இனி எவ்வளவு நேரம் ஆகும்? கோர்ட்டுக்குப் போவதுதான் பக்கம். நான் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தவிர, போன தடவையும் நெஞ்சடைப்பு என்றுதான் சொன்னார்கள். ஊசியோடு சரியாகிவிட்டது. அவன் வேடிக்கைக்காரன். அப்பா சாகும்போதுகூட மைக்கில் அறிவிக்கட்டுமா என்று கேட்டவன்.

போனை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். போட்டுப் பார் என்கிறீர்களா? நீங்கள் இவ்வளவு நேரத்தில் எனக்கு யோசனை சொன்னது இது ஒன்றுதான். சரி, நியாயம் சொல்ல உட்காரவைத்தது நான்தானே. போடுகிறேன்.

எல்லாம் வடிவு கூப்பிட்டதுதான். இதோ, மறுபடி அடிக்கிறாள். ஒரு நிமிஷம்.

…என்ன வடிவு. ஆமா, பஸ்ஸுலதான். …யாரு? எதை உடைச்சாங்க? …பூட்டையா, கதவையா? சொவத்தோட சேர்த்து எடுத்துட்டாங்களா? …தெருவேன்னா யாரு, பேரைச் சொல்லு. போலீசு வந்துச்சா? …நீ வேண்டாம்னு வாயால சொன்னியா? நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லியிருக்கணும்லா? …சரி, அப்புறம் இறக்கினது எந்த வழியா? …படியிலதானே? ஏணியில இல்லையே? …வடிவு? …சரி. சரி.

வைத்துவிட்டாள்.

கேட்டீர்கள்தானே? கதவை உடைத்துவிட்டார்கள். பார்வதி ஸ்டோர்காரர், எதிர்வீட்டு ஆசிரியர், யார் யாரோ. கடப்பாரை போட்டு நிலையோடு பெயர்த்திருக்கிறார்கள். ஐகோர்ட்டில் இருக்கிற ஒரு விஷயத்தைத் தெருவே சேர்ந்து தீர்த்துவிட்டது. ஒருவகையில் நல்லதுதான். இனிமேல் கோர்ட் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது. இது புது விஷயம், புது மனு போடலாம். படி வழியாகத்தான் இறக்கினார்களாம். ஆனால் அதில் ஒன்று இருக்கிறது. அனுபவ பாத்தியம் என்பது அனுபவிக்கிறவனுக்குத்தான். இறக்கும்போது அவன்…

சே. என்ன நினைப்பு இது? எனக்கே சில சமயம் என் மண்டைக்குள் யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை.

இல்லை, நான் கேட்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். "மதுரையில எறங்கி எந்தக் கோயிலுக்குள்ளயும் போயிராதீங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிற வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் நுழைந்து, காகிதக் கட்டை அவர் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போவேன். வடிவுக்கு அது தெரியும். அவள்தான் பழக்கினாள்.

உங்கள் முகம் மாறுகிறது. தெரிகிறது. பங்காளி வீட்டில் என்ன நடந்தால் கோயிலுக்குள் போகக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இந்த பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகாதே என்றுதான் சொன்னாள். சொல்லாததை நாமாகச் சேர்த்துப் படிக்கக் கூடாது. கோபத்தில் சொல்லியிருக்கலாம். நீ எல்லாம் சாமி கும்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். இருக்கலாம்தானே?

கூப்பிட்டு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடலாம். அவள் உடனே சொல்வாள். அவளுக்கு அதிகாரம் இருக்கிறது.

திருமங்கலம் தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மதுரை. போனை நீங்கள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தால் எடுக்க வேண்டாம். நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். இறங்குகிற வரைக்கும் அவன் மேலேதான் இருக்கட்டும்.